தெரிந்தால் சொல்லவும் – மூக்கையா, கட்டுகஸ்தோட்டை

மூக்கையாவுக்கு ஒரு வியாதி இருந்தது. கண்டி ஆஸ்பத்திரியிலோ பேராதனை ஆஸ்பத்திரியிலோ காட்டி மருந்து வாங்கக்கூடிய வியாதி அல்ல. ஒரு பாட்டு காதில் விழுந்தால், அது யார் பாடியது, யார் மெட்டுப் போட்டது, எந்த வருசத்துப் பாட்டு என்று தெரியாமல் அவனுக்குச் சோறு இறங்காது. பஸ்ஸில் முன் ஆசனத்தில் இருக்கிறவரின் கைப்பேசி பாடினால் போதும், தோளைத் தட்டி, "அண்ணே, இது யாருங்க பாடுறது?" என்பான். அந்த மனுசன் முழிப்பார். கைப்பேசி வாங்கும்போதே அதற்குள் கிடந்த பாட்டு அது. அவருக்கு என்ன தெரியும் பாவம்! மூக்கையாவுக்கு இது விளங்கவே விளங்காது. தன் சட்டைப் பைக்குள் பாடுகிறவன் யார் என்றுகூடத் தெரியாமல் ஒருத்தர் எப்படி நிம்மதியாகப் பஸ்ஸில் போகிறார் என்று யோசித்துக்கொண்டே இறங்குவான்.

வாய்த்த வேலையும் வியாதிக்குத் தீனி போடுகிற வேலைதான். கட்டுகஸ்தோட்டைப் பாலத்துக்கு இந்தப் பக்கம் றவூப் முதலாளியின் ரெக்கோடிங் பார். பார் என்றதும் வேறு எதையும் நினைத்துவிடாதீர்கள். பாட்டுப் பதிந்து கொடுக்கிற கடைக்கு எங்கள் பக்கத்தில் அதுதான் பெயர். மடவளையிலிருந்து வந்து கடை திறக்கிற றவூப் முதலாளி ஒரு வேளைத் தொழுகையும் தவறாத மனுசர். அவர் பார் நடத்துகிறார் என்று சொந்தக்காரர்கள் அடிக்கிற பகிடியைக் கேட்டுக் கேட்டுச் சலித்துப்போனவர்.

மூக்கையாவின் அப்பா வத்தேகமைக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து மூட்டை சுமந்தவர். எழுபத்தேழு இனக்கலவரத்தில் தோட்டத்து ஆட்கள் குடியிருந்த லயத்துக்கு நெருப்பு வைத்தார்கள். குடும்பம் கையில் அகப்பட்டதை எடுத்துக்கொண்டு டவுனுக்கு இறங்கியது. பிறகு திரும்பிப் போகவில்லை. மூக்கையா அப்போது இடுப்புப் பிள்ளை. டவுனிலேயே வளர்ந்து, சிங்களமும் தமிழும் ஒரே வாயால் பேசப் பழகி, சாதாரண தரப் பரீட்சையை ஒரு தரம் எழுதிப் பார்த்துவிட்டு, றவூப் முதலாளியிடம் கசெட் சுற்ற வந்தவன்தான். கசெட் செத்தது, சீடி வந்தது. முதலாளி ஒரு கணினியை வாங்கி வைத்துவிட்டு அதைத் தொடப் பயந்து நின்றார். மூக்கையா தொட்டான். அதோடு அவன் வேறு ஆளாகிவிட்டான் என்றே சொல்ல வேண்டும்.

அந்தக் கடையில் ஒரு வழக்கம் இருந்தது. பிரதி எடுக்க யார் எந்தச் சீடியைக் கொண்டுவந்தாலும், கேட்டவருக்கு ஒன்று, கணினிக்குள் ஒன்று. இது சரியா, களவா என்று அந்தக் காலத்தில் யாரும் கேட்கவில்லை. எல்லாக் கடையிலும் அப்படித்தான். இப்படிச் சேர்ந்து சேர்ந்து கணினிக்குள் பாட்டு மலையாகக் குவிந்துவிட்டது. குவிந்ததில் பாதிக்குப் பெயர் கிடையாது. டிராக் ஒன்று, டிராக் இரண்டு, பாடியவர் தெரியாது, படம் தெரியாது. ஒரு வாடிக்கைக்காரர் வந்து அந்தப் படப் பாட்டு என்று கேட்டால் டிராக் ஐந்துகளையெல்லாம் திறந்து திறந்து பார்க்க வேண்டும். வேறு யாராக இருந்தாலும் இதை நினைத்துத் தலையில் கை வைத்திருப்பார்கள். மூக்கையாவுக்கோ வாயெல்லாம் பல்.

ஒவ்வொரு பாட்டுக்குள்ளும் கண்ணுக்குத் தெரியாத சீட்டு ஒன்று ஒட்டியிருக்கிறது, அதற்கு டேக் என்று பெயர், அதில் பாட்டின் பெயரும் பாடியவர் பெயரும் வருசமும் வகையும் எழுதலாம் என்று அவன் கண்டுபிடித்த அன்று ஒரு வேலையும் நடக்கவில்லை. வகை என்ற இடத்தில் கணினி தானாகவே சில பெயர்களைக் காட்டியது. போல்கா என்றது, புளூஸ் என்றது, கன்ட்ரி என்றது. எங்கள் ஊர்ப் பாட்டுக்கு இதுகள் என்னத்துக்கு? அவன் அத்தனையையும் தூக்கி எறிந்துவிட்டுத் தன் பாட்டில் வகை பிரித்தான். பஸ்காரர்கள் எப்படிக் கேட்பார்களோ அப்படி. காலையில் முதல் பயணத்துக்கு, ஏற்றம் ஏறும்போது, மழை நேரம், பள்ளிக்கூடம் விடுகிற நேரம், கலியாண வீட்டுச் சாப்பாட்டுப் பந்திக்கு. சாரதிமார் பாட்டின் பெயரைச் சொல்லிக் கேட்கிறவர்களா என்ன? "ஏத்தத்துல போடுற மாதிரி ஒரு சீடி தா" என்பார்கள், மூக்கையா சொடுக்குப் போடுகிற நேரத்தில் கொடுத்துவிடுவான். இதற்காகவே மாத்தளை பஸ்ஸும் வத்தேகமை பஸ்ஸும் கடை வாசலில் ஒரு நிமிசம் நின்று போகத் தொடங்கின.

"பாட்டு ஓடினாச் சரிதானே? அதுக்கு ஏன்டா பொறப்புச் சாட்டிபிக்கட்டு?" என்று முதலாளி முணுமுணுப்பார். ஆனால் கடையில் கூட்டம் இருந்தது, அதனால் முணுமுணுப்போடு நிறுத்திக்கொள்வார்.

எவ்வளவு தேடியும் யாரென்று பிடிபடாத பாட்டுகளுக்கு மூக்கையா ஒரு வழி வைத்திருந்தான். பஸ்களில் புதிதாக வந்த பிளேயர்களில் பாட்டு ஓடும்போது அதன் டேக், சிவப்பு எழுத்தில் ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கம் ஊர்ந்து போகும். தமிழில் எழுதினால் அந்தப் பிளேயருக்கு வாசிக்கத் தெரியாது, கட்டம் கட்டமாகக் காட்டும். அதனால் ஆங்கில எழுத்தில் தமிழைத் தட்டுவான். பாட்டின் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் 'தெரியாது'. பாடியவர் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் 'தெரிந்தால் சொல்லவும் – மூக்கையா, கட்டுகஸ்தோட்டை'. சிரிக்காதீர்கள், இது வேலை செய்தது. ஒரு கொண்டக்டர் மாத்தளையிலிருந்து இதற்கென்றே வந்து இறங்கி, இன்னாருடைய பாட்டு அது என்று சொல்லிவிட்டு, ஒரு பிளேன்டீயும் குடித்துவிட்டுப் போயிருக்கிறார். பக்கத்துத் தையல்கடை ஸக்கியா தாத்தா மெசினை மிதித்தபடியே ஒரு கூடைப் பழைய பாட்டுகளுக்கு ஆள் சொல்லியிருக்கிறார். தாத்தா என்றதும் கிழவர் என்று நினைத்துவிடாதீர்கள், எங்கள் பக்கத்து முஸ்லிம்கள் அக்காவை அப்படித்தான் கூப்பிடுவார்கள். ஊரே சேர்ந்து பெயர் வைத்த பாட்டுப் பெட்டி அது. மூக்கையாவுக்கு அதில் இருந்த பெருமை கொஞ்சநஞ்சம் அல்ல.

இரண்டாயிரத்து எட்டாம் ஆண்டு அந்தப் பாட்டு வந்து சேர்ந்தது.

பேராதனையில் படிக்கிற பொடியன் ஒருவன் கலியாணப் பாட்டுச் சீடி ஒன்றைப் பிரதி எடுக்கக் கொடுத்தான், வாங்கிக்கொண்டு போனான், பிறகு அந்தப் பக்கம் வரவில்லை. அந்தச் சீடியில் கலியாணப் பாட்டெல்லாம் முடிந்த பிறகு, கடைசியில் தனியாக ஒன்று ஒட்டிக்கொண்டிருந்தது. முதலில் ஒரு புல்லாங்குழல். பிறகு ஓர் ஆண் குரல். பெரிதாகப் பயின்ற குரல் இல்லை, இடையிடையே மூச்சு வாங்குவதுகூடக் கேட்டது. அம்மா, படலையைச் சாத்தாதே, நான் வரக் கொஞ்சம் பிந்தும் என்கிறான். பானையில் கொஞ்சம் கஞ்சி மிச்சம் வை என்கிறான். நாயைக் கட்டிவை, அதற்கு என்னை மறந்திருக்கும் என்கிறான். அவ்வளவுதான் பாட்டு.

நாயைக் கட்டிவை என்ற இடத்தில் மூக்கையா அப்படியே உட்கார்ந்துவிட்டான். இப்படியொரு வரியை யார் எழுதியது? யார் பாடியது? படப் பாட்டா? அவனுக்குத் தெரிந்த எந்தப் படத்திலும் இல்லை. கோயில் பாட்டா? சாமி பெயர் ஒன்றும் இல்லை. வேதக்காரர் பாட்டா? அதுவும் இல்லை. மண்டையைக் குடைய ஆரம்பித்துவிட்டது. ஸக்கியா தாத்தா மெசினை நிறுத்திவிட்டு முழுதாகக் கேட்டார். "நல்லாத்தான் ஈக்குது, கேட்ட ஞாபகம் இல்லையே" என்றார். முதலாளிதான் ஒரு துப்புக் கொடுத்தார். "படலை எண்டு பாடுறானே, கேட்டுக்குப் படலை எண்டு யாப்பாணத்து ஆக்கள்தான் சொல்ற. அவங்கள்ட கேளு."

கேட்டானே! கந்தோர் விட்டு ஆட்கள் பஸ்ஸிலிருந்து இறங்குகிற நேரம் பார்த்து, கடை வாசல் பெட்டியில் அந்தப் பாட்டைப் போட்டுவிட்டு, வடக்கத்தி ஆள் யாராவது வருகிறாரா என்று வாசலிலேயே நிற்பான்.

எப்படிப்பட்ட காலம் அது என்று நினைத்துப் பாருங்கள். வானொலியைத் திறந்தால் வடக்கில் இன்ன இடம் பிடிபட்டது என்ற செய்தி. பாலத்தடியில் சோதனைச்சாவடி. தமிழர் இருக்கிற வீடென்றால் பொலிஸ் வந்து பெயர் பதிந்துகொண்டு போகும். அடையாள அட்டை இல்லாமல் கறிவேப்பிலை வாங்கக்கூடப் போக முடியாது. இதெல்லாம் மூக்கையாவுக்குத் தெரியாதா? நன்றாகத் தெரியும். ஆனால் அவன் வடக்கைக் கண்ணால் கண்டவன் இல்லை. அங்கே சண்டை பிடிக்கிற இயக்கத்துக்காரர்களின் பாட்டு என்று ஒன்றை அவனோ அவனைச் சேர்ந்தவர்களோ காதால் கேட்டதில்லை. இருந்தால் அதில் துப்பாக்கியும் முரசும் இருக்கும் என்று நினைத்திருந்தான். கஞ்சிப் பானையும் நாயும் இருக்கும் என்று யார் நினைப்பார்கள்?

நில அளவைக் கந்தோரில் படம் வரைகிற பாலேந்திரன் சேர் யாழ்ப்பாணத்துக்காரர். மேல் தெருவில் அறை எடுத்துத் தனியாக இருந்தார். கடைக்கு வந்தால் ஒரு பாட்டை வைத்து ஒரு மணி நேரம் வாதாடக்கூடிய மனுசர். மூக்கையாவுக்கு அவரிடம் தனி மரியாதை. ஒருநாள் அவர் படியேறுவதைக் கண்டதும் ஓடிப்போய்ப் பாட்டைப் போட்டான். புல்லாங்குழல்தான் கேட்டது, குரல் இன்னும் வரவில்லை.

"எனக்குத் தெரியாது தம்பி" என்றார் பாலேந்திரன்.

"இன்னும் பாடவே இல்லீங்களே சேர்?"

"உந்தப் பாட்டை நான் கேட்டதில்லை. எனக்கொரு அவசர வேலை இருக்கு, வாறன்." படியில் ஒரு கால் வைத்தபடியே திரும்பிப் போய்விட்டார். அதற்குப் பிறகு தெருவின் மறுபக்கத்தால் நடக்கத் தொடங்கினார்.

ஆஸ்பத்திரியில் நேர்ஸாக இருந்த றீற்றா மிஸ்ஸும் அப்படித்தான். குழல் ஊதும்போதே தலையை ஆட்டிவிட்டு நடையைக் கட்டினார். மூக்கையா இதைப் பற்றி யோசித்தான். தோட்டத்து ஆட்கள் பாட்டை முழுக்கக் கேட்டுவிட்டுத் தெரியலை என்கிறார்கள். மடவளை ஆட்கள் கேட்டுவிட்டு இன்னும் இரண்டு பேரைக் கூப்பிட்டு விசாரிக்கிறார்கள். சிங்களக் கடைக்காரர் அர்த்தம் என்ன என்று கேட்கிறார். வடக்கத்தி ஆட்கள் மட்டும் பாடத் தொடங்குமுன்னமே தெரியாது என்கிறார்கள். கேட்காத பாட்டைத் தெரியாது என்று ஒருத்தர் எப்படிச் சொல்ல முடியும்? அப்படியென்றால் தெரியும்! தெரிந்துகொண்டுதான் சொல்லவில்லை!

இந்த இடத்தில் புத்தியுள்ளவன் பயந்திருப்பான். நம்முடைய ஆள் சந்தோசப்பட்டான். தெரிந்த ஆள் அகப்பட்டுவிட்டார், இனி விடக்கூடாது என்று ஞாயிற்றுக்கிழமை காலை சட்டை மாற்றிக்கொண்டு பாலேந்திரன் சேரின் அறைக்கே போய்விட்டான்.

கதவைத் திறந்தவர் அவனைக் கண்டதும் படியை எட்டிப் பார்த்தார், வேறு யாரும் வரவில்லை என்று தெரிந்த பிறகுதான் உள்ளே விட்டார். ஜன்னலைச் சாத்தினார். கதிரையைக் காட்டினார், தான் உட்காரவில்லை.

"உமக்கு விசரே தம்பி? நடுரோட்டில வைச்சு உந்தப் பாட்டைப் போடுறீர்?"

"என்னாங்க சேர்? நல்ல பாட்டுதானே, ஒரு கெட்ட வார்த்தை இல்லை."

"அது அங்கத்தைப் பாட்டு." அவர் குரலைத் தாழ்த்தினார். "இயக்கம் போடுற பாட்டு. விளங்குதோ? எனக்குத் தெரியும் எண்டு சொன்னால், எங்கை கேட்டனீர் எண்டு அடுத்த கேள்வி வரும். யாரோட இருந்து கேட்டனீர் எண்டு மூண்டாவது கேள்வி வரும். அதுக்குப் பிறகு கேள்வி கேக்கிறதுக்கு என்னைக் கூட்டிக்கொண்டு போயிடுவாங்கள். நீர் அந்தப் பெட்டியைப் போட்டதிலயிருந்து நான் நித்திரை கொள்ளேல்லை."

மூக்கையாவுக்கு இப்போதுதான் விளங்கியது. ஆனாலும் பாருங்கள், அந்த வியாதி அவனை விட்டால்தானே! எழும்பி வாசல் வரை போனவன் திரும்பி நின்று கேட்டான். "சேர், கோவிச்சுக்காதீங்க. பாடுனது யாருங்க?"

பாலேந்திரன் அவனையே பார்த்தார். கோபம் வந்தது, போனது, கடைசியில் பாவமாக இருந்தது போலும். "தெரியாது தம்பி" என்றார். "இந்தமுறை உண்மையாத்தான் சொல்லுறன்."

மேல் தெருவிலிருந்து இறங்கி வரும்போது, கணினியில் அந்த ஒரு பாட்டை அழித்துவிட்டால் காரியம் முடிந்தது என்றுதான் மூக்கையா நினைத்தான். பாதி வழியில் அப்படியே நின்றுவிட்டான். மடவளை பஸ் ஓட்டுகிற பியதாசவுக்குக் கொடுத்த சீடி! மழை நேரம் என்று எழுதிக் கொடுத்தானே, அதில் அந்தப் பாட்டும் இருக்கிறது. பாட்டு மட்டுமா இருக்கிறது? அது ஓடும்போது பிளேயரில் பாடியவர் பெயர் வருகிற இடத்தில் என்ன ஊர்ந்து போகும்? தடை செய்த பாட்டு ஒன்றைப் பிடித்து, அதன் நெற்றியில் தன் பெயரையும் ஊரையும் தானே எழுதி, பாலத்தடிச் சோதனைச்சாவடியைத் தினமும் கடக்கிற பஸ்ஸிலும் ஏற்றிவிட்டிருக்கிறான். பகைவன்கூட இப்படியொரு காரியத்தைச் செய்திருக்க மாட்டான்.

பஸ் நிலையத்துக்கு ஓடினான். பியதாச பஸ்ஸுக்கு அடியில் படுத்து எதையோ முறுக்கிக்கொண்டிருந்தார். மூக்கையா குனிந்து, அந்த மழைச் சீடியைக் கொஞ்சம் தாருங்கள், அதில் ஒரு பிழை இருக்கிறது, வேறு தருகிறேன் என்று சிங்களத்தில் கேட்டான்.

"அது இப்போது என்னிடம் இல்லையே" என்றார் பியதாச, அடியிலிருந்தபடியே. "பாலத்தடியில் நிற்கிற ஆமிக்காரன் ஒருவன் வாங்கிக்கொண்டு போனான். காலை இழுத்து இழுத்து நடப்பானே, அவன். அட்டை பார்க்க ஏறினவன், அந்தப் புல்லாங்குழல் பாட்டு ஓடினதும் அப்படியே நின்றான். பிளேயரில் போன பெயரை எழுத்துக் கூட்டி வாசித்தான். யார் இந்த மூக்கையா என்று கேட்டான். ரெக்கோடிங் பாரில் இருக்கிறவன் என்று சொன்னேன். சொன்னது சரிதானே?"

சரிதான். எல்லாம் சரிதான்.

அடுத்த நாள் கடை திறந்ததும் முதலாளியிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டான். மறைக்கத் தெரியாத மனுசன் அவன். றவூப் முதலாளி தொப்பியைக் கழற்றினார், போட்டார், மறுபடி கழற்றினார்.

"யா அல்லாஹ்! என்னடா செஞ்சி வச்சீக்கிறாய்? எனக்குப் புள்ளயல் ஈக்குது, உனக்கும் புள்ளயல் ஈக்குது. கடைக்கு சீல் வச்சா ஆர்ரா சோறு போடுற? உன்னக் கொட்டியா, புலி எண்டு கூட்டிட்டுப் போனா நான் எங்க போய்த் தேடுற? பேர் வேணுமாம் பேர்! ஒரு பாட்டுக்குப் பேர் இல்லாட்டி என்னடா, அது என்ன உம்மா வாப்பா இல்லாம ரோட்டுல நிக்குதா?"

"பெழதாங்க மொதலாளி."

"அழி. எல்லாத்தையும் அழி. ஒரு பாட்டு மிச்சம் இருக்கப்படாது. அவனுகள் வந்து பார்த்தா கொம்பியூட்டர் மொட்டையா ஈக்கணும்."

"எல்லாத்தையுமா?" மூக்கையா கணினியைப் பார்த்தான். ஊரெல்லாம் கேட்டுக் கேட்டு, ஒவ்வொன்றாகப் பெயர் வைத்து, ஏற்றத்துக்கு, மழைக்கு, பந்திக்கு என்று பிரித்து வைத்த அத்தனையும்! "அந்த ஒன்ன மட்டும் அழிச்சாப் போதுங்களே மொதலாளி. மத்ததெல்லாம் நமக்குத் தெரிஞ்ச பாட்டுங்க."

"இதுவும் உனக்குத் தெரிஞ்ச பாட்டு எண்டுதானே ரோட்டுல போட்ட?"

அதற்குப் பதில் சொல்ல மூக்கையா வாயைத் திறந்தபோது வாசலில் நிழல் விழுந்தது. சீருடை. ஒரு காலை இழுத்து இழுத்துப் படி ஏறினான் சிப்பாய். கையில் துவக்கு இல்லை. செய்தித்தாளில் சுற்றிய சீடிதான் இருந்தது. முதலாளி எப்போது உள்ளறைக்குள் போனார் என்று தெரியவில்லை, திரைச்சீலை மட்டும் ஆடிக்கொண்டிருந்தது.

"மூக்கையா யார்?" சிங்களத்தில்தான் கேட்டான்.

"நான்தான் மாத்தையா." சிங்களத்தில் ஐயா என்று மரியாதையாகச் சொல்லி மூக்கையா எழுந்து நின்றான்.

சிப்பாய்க்கு இருபத்தைந்து வயதுகூட இருக்காது. மூக்கையாவை மேலிருந்து கீழாகப் பார்த்தான். பிறகு குரலை அடக்கி, யாருக்கும் கேட்டுவிடக் கூடாது என்பது போல, "நீதானா அது?" என்றான். "நீதானா பாடினது?"

மூக்கையாவுக்கு முதலில் விளங்கவில்லை. சிப்பாய் சீடியை மேசையில் வைத்தான். அவனுக்குத் தமிழ் தெரியாது. ஊர்ந்து போன அந்த எழுத்துகளில் அவனால் வாசித்து விளங்கிக்கொள்ள முடிந்தது ஒரு பெயரும் ஓர் ஊரும்தான். பாடியவர் பெயர் வருகிற இடத்தில் மூக்கையா என்று இருந்தால், பாடியவன் மூக்கையா. அவன் அப்படித்தான் எடுத்திருக்கிறான்.

"வடக்கில் நான் இருந்த காவலரணுக்கு முன்னால் ஒரு வெளி" என்றான் சிப்பாய். "வெளிக்கு அந்தப் பக்கம் அவர்கள். பொழுது படுகிற நேரம் அவர்கள் ஒலிபெருக்கியில் இந்தப் பாட்டைப் போடுவார்கள். அந்த நேரத்தில் நாங்களும் சுட மாட்டோம், அவர்களும் சுட மாட்டார்கள். யாரும் பேசி வைத்துக்கொண்டதில்லை, அப்படி ஆகிவிட்டது. அவர்கள் பக்கத்து ஆள் ஒருவன்தான் பாடுகிறான் என்று எங்கள் பொடியன்கள் சொல்வார்கள். அங்கேயே இருக்கிறான், அந்த மண் மேட்டுக்குப் பின்னால் என்பார்கள். பிறகு ஒருநாள் முழுக்க நாங்கள் செல் குண்டு அடித்தோம். அன்று பின்னேரம் பாட்டு இல்லை. அடுத்த நாளும் இல்லை. அதற்குப் பிறகு இல்லவே இல்லை."

அவன் தன் காலைப் பார்த்தான். "எனக்குக் கால் இப்படி ஆகி இங்கே மாற்றினார்கள். அன்றைக்குப் பஸ்ஸில் ஏறினால் அதே குரல். பெயரும் போகிறது. கட்டுகஸ்தோட்டை என்று ஊரும் போகிறது. தப்பிவிட்டான் என்று நினைத்தேன். எப்படியோ தப்பி வந்து நான் காவல் நிற்கிற ஊரிலேயே இருக்கிறான் என்று நினைத்தேன். யாரிடமும் சொல்லவில்லை. நீதானா?"

இல்லை என்று ஒரு சொல் சொன்னால் போதும். அது உண்மை. அதைச் சொன்னால் மூக்கையா பிழைப்பான், கடை பிழைக்கும். இத்தனை நாளாக ஒரு பாட்டுக்கும் பிழையான பெயரை எழுதாதவன் அவன். ஆனாலும் அந்த முகத்தைப் பார்த்துக்கொண்டு அந்தச் சொல்லைச் சொல்ல அவனுக்கு என்னமோ செய்தது.

"நான் இல்லை மாத்தையா" என்றான். "பாடினது யார் என்று எனக்கும் தெரியாது. தெரிந்தவர்கள் வந்து சொல்லட்டும் என்றுதான் என் பெயரைப் போட்டேன்."

சிப்பாய் கண்ணாடி அலுமாரியில் அடுக்கியிருந்த சீடி உறைகளைப் பார்த்தபடி நின்றான். வெளியே மாத்தளை பஸ் ஹோர்ன் அடித்துவிட்டுப் போனது.

"என்ன சொல்கிறான் பாட்டில்?" என்று கேட்டான் கடைசியில். "அத்தனை நாள் கேட்டேன், அர்த்தம் தெரியாது."

மூக்கையா சிங்களத்தில் சொன்னான். வெளிவாசலைச் சாத்த வேண்டாம் என்று அம்மாவிடம் சொல்கிறான். வரக் கொஞ்சம் பிந்துமாம். கொஞ்சம் கஞ்சி எடுத்து வைக்கச் சொல்கிறான். நாயைக் கட்டிவைக்கச் சொல்கிறான், அது தன்னை மறந்திருக்கும் என்கிறான். எத்தனையோ தரம் கேட்ட வரிகள்தான். இன்னொரு பாஷையில், இந்த ஆளுக்கு முன்னால் சொல்லும்போது அவனுக்கே அது புதிதாகக் கேட்டது.

"பிறகு வருகிறானா?"

"மாத்தையா?"

"பாட்டில் கேட்கிறேன். வீட்டுக்கு வந்து சேர்கிறானா?"

"பாட்டு அதற்கு முன்னமே முடிந்துவிடுகிறது" என்றான் மூக்கையா.

சிப்பாய் தலையை ஆட்டினான். சீடியை எடுத்து இரண்டு கையாலும் வளைத்தான். அது சட்டென்று முறிந்தது. துண்டுகளை மேசையில் விடாமல் தன் காற்சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டான். "உன் பெயரை எடுத்துவிடு. பாட்டையும் எடுத்துவிடு" என்றான். "எனக்குப் பிறகு ஒருவன் வந்தால் அவன் அர்த்தம் கேட்க மாட்டான்." காலை இழுத்து இழுத்துப் படி இறங்கிப் பாலத்தின் பக்கம் போனான்.

மூக்கையா உட்கார்ந்து பாட்டைத் தேடி எடுத்தான். அழித்துவிடவா என்று கணினி கேட்டது. எத்தனையோ ஆயிரம் தரம் அந்தக் கேள்விக்கு யோசிக்காமல் ஆம் என்றவன், இப்போது மவுஸின் மேல் கையை வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் இருந்தான். பிறகு அமுக்கினான். பாட்டு போய்விட்டது.

திரைச்சீலையை விலக்கிக்கொண்டு முதலாளி வந்தார். முகமெல்லாம் வியர்வை. "போயிட்டானா? என்னடா கேட்டான்?"

"பாடுனவன் உசிரோட இருக்கானான்னு கேட்டாருங்க மொதலாளி."

ஏசுவதற்கு வாயைத் திறந்த றவூப் முதலாளி அப்படியே நின்றார். "நீ என்னா சொன்ன?"

"நான் அவன் இல்லன்னு சொல்லிட்டேங்க."

அதைச் சொல்லும்போது மூக்கையாவுக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது. முகம் தெரியாத, பெயர் தெரியாத ஒருத்தனுக்காக, அவன் செத்த செய்தியைத் தானே சொல்லி அனுப்பியதுபோல, மேசையில் தலையை வைத்துக்கொண்டு அழுதான். முதலாளி வாசலுக்குப் போய் ஷட்டரைப் பாதி இழுத்துவிட்டு அதற்கு முன்னால் நின்றுகொண்டார். பாட்டுக் கேட்டு வந்தவர்களையெல்லாம், "கொம்பியூட்டர் வேல செய்யல்ல, நாளைக்கு வாங்க" என்று திருப்பி அனுப்பிக்கொண்டிருந்தார்.